குனிய வேண்டியது யார்?

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தாயிற்று. ரொம்ப நாளாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும். என் வீட்டிலேயே சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் எங்கள் கல்லூரியில் நடந்த தலைமைப் பண்புப் பயிலரங்கு. வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். கோட் சூட் போட்ட ஒருவர் வந்து 'பணியாளர் தலைமை' பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். திரையில் ஒரு படம்: இயேசு குனிந்து சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். "உலகத்தின் தலைசிறந்த மேலாளர் இவர்தான்" என்றார். கைதட்டினோம். கடைசியில் எங்களுக்கு அறிவுரை சொன்னார். வேலைக்குச் சேர்ந்ததும் முதல் ஐந்து வருடம் சம்பளம், நேரம் எதையும் கணக்குப் பார்க்காதீர்கள், தியாகம் செய்யுங்கள், அப்போதுதான் தலைவனாக வருவீர்கள் என்றார். அதற்கும் கைதட்டினோம்.

எனக்கு உறைத்தது ராத்திரி விடுதியில் படுத்திருக்கும்போதுதான். படத்தில் குனிந்திருப்பவர் குரு. பேச்சில் குனியச் சொன்னது எங்களை! இன்னும் வேலையே கிடைக்காத பையன்களை, பெண்களை. படத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் யாரோ ஆளை மாற்றிவிட்டார்கள்.

இந்த ஆள்மாறாட்டம் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அந்தப் பேச்சாளரைத் திட்டுவது என் நோக்கமில்லை. அவர் பாவம், யாரோ சொன்னதைத் திருப்பிச் சொன்னார். இதைவிடப் பெரிய ஆள்மாறாட்டம் என் சொந்தப் பங்குக் கோயிலில் நடந்தது. அதில் எனக்கும் கை உண்டு.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கன். எங்கள் கோயிலை ஒரு சித்தி கூட்டிப் பெருக்குவார். இரத்த உறவு இல்லை, பின்தெருக்காரர், சின்ன வயசிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். விடியற்காலை நாலரைக்கு வருவார். கோயிலைத் திறந்து, கூட்டி, பீடத்துணி மாற்றி, பூசை முடிந்த பிறகு மறுபடி ஒரு தரம் கூட்டிவிட்டுப் போவார். திருவிழா வந்தால் பத்து நாளும் ராத்திரி பன்னிரண்டு ஆகும். மாதச் சம்பளம் மூவாயிரம் ரூபாய். ஆறு வருடமாக அதே மூவாயிரம்.

இந்தத் தவக்காலத்தில் பங்குப்பேரவைக் கூட்டத்துக்கு அவர் வந்தார். உட்காரவில்லை, கதவுப் பக்கம் நின்றார். மூட்டு வலிக்கு மருந்து வாங்க வேண்டியிருக்கிறது, ஏதாவது கொஞ்சம் கூட்டித் தரமுடியுமா என்று கேட்டார். இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார். பேரவையில் மூத்தவர் ஒருவர், கெட்டவர் இல்லை, ஊரில் எல்லாருக்கும் உதவுகிற மனிதர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏ பிள்ளே, ஆண்டவருக்க வேலைக்குக் கணக்குப் பாக்கலாமா? இதெல்லாம் தியாகமாட்டு செய்யணும். மேல எழுதி வச்சிருப்பாரு." எல்லாரும் தலையாட்டினோம். சித்தியும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு யாருக்கோ மனசு கேட்கவில்லை. "இந்த வருஷம் பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேரில் அவளையும் சேர்த்துடுவோம், ஃபாதர் காலைக் கழுவட்டும், அவளுக்கும் ஒரு மரியாதை" என்றார். நல்ல யோசனை என்று எல்லாருக்கும் தோன்றியது. எனக்கும் தோன்றியது. இளையோர் இயக்கச் செயலர் என்பதால் கூட்டக் குறிப்பு எழுதுவது நான்தான். சம்பளக் கோரிக்கைக்கு 'பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று எழுதினேன். பாதம் கழுவும் யோசனைக்கு 'ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று எழுதினேன்.

பெரிய வியாழன் வந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. மற்ற பதினோரு பேரும் வீட்டிலேயே சோப்பு போட்டுக் கழுவிய காலோடு வந்திருந்தார்கள் (எல்லாப் பங்கிலும் இப்படித்தான், சிரிக்காதீர்கள் :-) ). சித்தியின் பாதத்தில் மட்டும் வெடிப்பு. ஃபாதர் குனிந்து தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டார். நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படம் எடுத்து அன்று ராத்திரியே பங்கு வாட்ஸப் குழுவில் போட்டோம். இதயம் இதயமாக வந்து விழுந்தது.

பூசை முடிந்து நற்கருணைப் பவனியும் முடிந்து கூட்டம் கலைந்தது. நான் மைக் செட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பீடத்துக்கு முன்னால் சிந்திக் கிடந்த தண்ணீரைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா?

ஆமாம், அவரேதான்.

நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவருடைய காலைக் கழுவிய அதே தண்ணீரை அவரே குனிந்து துடைக்கிறார். மூட்டு வலியோடு. அதே மூவாயிரத்துக்கு. நாங்கள் எல்லாரும் அழுதுவிட்டு, மனசு லேசாகி, வீட்டுக்குப் போய்விட்டோம்.

சரி, இப்போது வாதத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்தவத்தில் 'ஊழியனாக இரு' என்ற கட்டளை யாருக்குச் சொல்லப்பட்டது? மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யாக்கோபும் யோவானும் வந்து, மகிமையில் வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர் உட்கார இடம் கேட்கிறார்கள். மத்தேயுவில் அவர்களுடைய அம்மாவே வந்து சிபாரிசு செய்கிறார். மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. அவர்கள் ஒன்றும் தாழ்மையில் சிறந்தவர்கள் இல்லை, நமக்கு முன்னால் இவன் கேட்டுவிட்டானே என்ற கோபம்தான். அப்போதுதான் இயேசு அவர்களைக் கூப்பிட்டு, நாடாளுகிறவர்கள் மக்களை அடக்கி ஆளுகிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கக்கூடாது, பெரியவனாக விரும்புகிறவன் பணியாளாகட்டும் என்கிறார். லூக்கா இதே சண்டையைக் கடைசி இரவு உணவில் வைக்கிறார். யாருக்குச் சொல்லப்பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. நாற்காலிக்கு ஆசைப்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது.

தொழுநோயாளியிடம் அவர் போய், நீ இன்னும் கொஞ்சம் தாழ்மையாக இரு என்று சொல்லவில்லை. தொட்டுக் குணமாக்கினார். பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் கஷ்டப்பட்ட பெண்ணிடம், இது உன் சிலுவை, சுமந்துகொள் என்று சொல்லவில்லை. பசித்த கூட்டத்திடம் உபவாசத்தின் மகிமையைப் பிரசங்கிக்கவில்லை, உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். ஏற்கெனவே குனிந்து கிடந்தவர்களை நிமிர்த்தினார். நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டவர்களைக் குனியச் சொன்னார். இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு மருந்து. நாம் மருந்துச் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, நோய் தீரவில்லையே என்கிறோம்.

பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல், கிறிஸ்து தம்மைத் தாமே வெறுமையாக்கி அடிமையின் வடிவம் எடுத்ததாகச் சொல்கிறார். 'தம்மைத் தாமே' என்பதை அடிக்கோடு போட்டு வாசியுங்கள். இறங்குவதற்கு முதலில் ஒரு உயரம் வேண்டும். வைத்துவிட்டு வருவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். சித்தியிடம் கீழே இறக்கி வைக்க என்ன இருக்கிறது? துடைப்பமா?

இங்கே எங்கள் ஊர்ச் சரித்திரம் ஒன்று சொல்ல வேண்டும். 'ஊழியம்' என்ற சொல் இன்று எவ்வளவு கௌரவமானது! சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே நண்பர்களைக் கேட்டால் ஊழியம் என்பது இறைப்பணி. 'ஊழியக்காரர்' வருகிறார் என்றால் நாற்காலி துடைத்துப் போடுவார்கள். ஆனால் 1956 வரைக்கும் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ஊழியம்' என்றால் வேறு அர்த்தம். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகள் அரசாங்கத்துக்குக் கூலி இல்லாமல் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலை அது. நாடார்களும் மற்ற ஒடுக்கப்பட்டவர்களும் இந்த ஊழியத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், சுமை தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது கிறிஸ்தவர்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டு மிஷனரிகள் மன்றாட வேண்டியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது அநியாயம் என்று வாதாடித்தான் இந்த மண்ணில் திருச்சபை பெயர் வாங்கியது. எங்கள் பாட்டன் பூட்டன் நிமிர்ந்து நடந்ததே அப்படித்தான். இன்று அதே மண்ணில், கோயிலுக்குள்ளேயே ஒருவர் கூலி உயர்வு கேட்டால் 'ஆண்டவருக்க வேலைக்குக் கணக்குப் பாக்கலாமா' என்கிறோம். பழைய ஊழியத்துக்குத் திருப்பீட்டுத் துணி போர்த்திவிட்டோம், அவ்வளவுதான்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் வத்திக்கானின் நாளிதழான லொசெர்வத்தோரே ரொமானோவின் மகளிர் மாத இதழ் ஒரு கட்டுரை போட்டது. கர்தினால்மார், ஆயர்கள் வீடுகளில் சமைத்து, துவைத்து, பரிமாறும் கன்னியாஸ்திரிகளைப் பற்றியது. விடியும் முன் எழுந்து காலை உணவு செய்கிறார்கள், ராத்திரி எல்லாம் ஒழுங்குபடுத்திய பிறகு படுக்கிறார்கள், வேலை நேரம் வரையறை இல்லை, சம்பளம் இல்லை அல்லது மிகச் சொற்பம், தாங்கள் பரிமாறும் மேசையில் உட்காரச் சொல்லி யாரும் அழைப்பதும் அபூர்வம் என்று அதில் இருந்தது. இறையியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்களையும் சமையலறைக்கு அனுப்பிய கதை இருந்தது. எதிரிகள் எழுதியதில்லை. வத்திக்கானின் சொந்தப் பத்திரிகை! அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016இல், திருத்தந்தை பிரான்சிஸே துறவற சபைத் தலைவியரிடம், தொண்டு வேறு, அடிமை வேலை வேறு என்ற பொருளில் பேசியிருந்தார். பேசியவர் 2025இல் இறந்துபோனார். அவர் சொன்ன வேறுபாடு இன்னும் எத்தனை பங்கு வீட்டுச் சமையலறைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று உங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தியாகமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். உண்மையான தியாகம் எப்படி இருக்கும் என்று காட்ட மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாவது தமியான் அடிகள். பெல்ஜியத்தில் 1840இல் பிறந்தவர். ஹவாய்த் தீவுகளில் தொழுநோய் வந்தவர்களை மொலோக்காய் தீவில், பின்னால் செங்குத்தான மலை, முன்னால் கடல் என்று இருந்த ஒரு முனையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே போய்த் தங்க யார் தயார் என்ற கேள்வி வந்தபோது, தமியான் தாமாக முன்வந்து 1873 மே மாதம் போய் இறங்கினார். வீடு கட்டினார், தண்ணீருக்குக் குழாய் போட்டார், புண்களுக்குக் கட்டுப் போட்டார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். மரம் அனுப்பு, துணி அனுப்பு, மருந்து அனுப்பு என்று மேலிடத்தை நச்சரித்துக்கொண்டே இருந்தார். பிடிவாதக்காரர் என்று மேலிடத்தில் பெயரும் வாங்கினார். கடைசியில் அவருக்கும் அதே நோய் வந்து 1889 ஏப்ரல் 15 அன்று இறந்தார், 49 வயது.

அவர் நோயாளிகளிடம் போய் உங்கள் துன்பத்தைத் தியாகமாக ஒப்புக்கொடுங்கள் என்று சொல்வதோடு நிறுத்தவில்லை. தண்ணீர்க் குழாய் போட்டார்! பணிவு மேலிடத்தை நோக்கி இல்லை, கீழே இருந்தவர்களை நோக்கி. மேலிடத்திடம் சண்டை போட்டார், கீழே இருந்தவர்களுக்குக் குழி வெட்டினார். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அதற்குத் தாழ்மை என்று பெயர் வைக்கிறோம்.

இரண்டாவது மரியான் கோப் அம்மையார். இவரைப் பற்றி அவ்வளவாக யாரும் பிரசங்கிப்பதில்லை. அமெரிக்காவிலிருந்து 1883இல் ஹவாய் வந்த பிரான்சிஸ்கன் கன்னியர். தமியானின் கடைசி மாதங்களில், 1888 நவம்பரில், மொலோக்காய் போய்ச் சேர்ந்தார். 1918இல் இறக்கும்வரை அங்கேயே, முப்பது வருடம். சுத்தம் விஷயத்தில் மகா கண்டிப்பு. கை கழுவாமல் எதுவும் கிடையாது. அவருக்கோ அவரோடு வேலை செய்த கன்னியருக்கோ தொழுநோய் வரவில்லை. 2009இல் தமியானும் 2012இல் மரியானும் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

மரியானின் கதை எனக்கு ஏன் முக்கியம் என்றால், தியாகம் என்றால் உடம்பு கெடுவதுதான் என்ற நினைப்பை அது உடைக்கிறது. நோய் வந்து செத்தவரும் புனிதர், சோப்பு போட்டுக் கைகழுவி முப்பது வருடம் உழைத்தவரும் புனிதர். தியாகத்தின் அளவு வலி கிடையாது. யாருக்கு நன்மை நடந்தது என்பதுதான் அளவு. சித்தியின் மூட்டு வலியால் யாருக்கு என்ன நன்மை நடக்கிறது? கோயில் கணக்கில் சில நூறு ரூபாய் மிச்சம். அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால் தமியான் சிரிப்பார்.

மூன்றாவது எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ. 1977இல் பேராயரானார். புத்தகப் புழு, வம்புக்குப் போகாதவர் என்று நினைத்துத்தான் பணக்காரர்கள் வரவேற்றார்கள். அடுத்த மாதமே, மார்ச் 12 அன்று, அவருடைய நண்பர் ருத்திலியோ கிராந்தே என்ற குருவை, ஏழை விவசாயிகளோடு நின்றதற்காகச் சுட்டுக் கொன்றார்கள். ரொமேரோ மாறினார். பேராயர் மாளிகை வேண்டாம் என்று, புற்றுநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருத்துவமனை வளாகத்தில் சின்ன இடத்தில் தங்கினார். 1980 மார்ச் 23 ஞாயிறு மறையுரையில், சொந்த மக்களைக் கொல்லச் சொல்லும் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று ராணுவ வீரர்களைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் மாலை அந்த மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2018இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கவனியுங்கள். அடி வாங்குகிறவனைப் பார்த்து 'பொறுத்துக்கொள்' என்று சொல்வது எளிது. ஒரு ஆபத்தும் இல்லை, ஊரில் நல்ல பெயரும் கிடைக்கும். ரொமேரோ அடிக்கிறவனைப் பார்த்து 'நிறுத்து' என்றார். அதற்கு விலை இருக்கிறது. அந்த விலையைத் தன் கையிலிருந்து கொடுத்தார். தலைவனின் தியாகம் என்றால் இதுதான்: தன் பதவியை, தன் பெயரை, தேவைப்பட்டால் தன் உயிரைச் செலவழிப்பது. அடுத்தவன் உயிரையோ, அடுத்தவள் சம்பளத்தையோ செலவழிப்பது இல்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். ஊரில் இதைப் பேசியபோது வந்தவைதான்.

"பைபிளிலேயே அடிமைகள் எஜமானர்களுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்று இருக்கிறதே?" இருக்கிறது. முதல் பேதுரு இரண்டாம் அதிகாரம், கடுமையான எஜமானருக்கும்கூட. மழுப்ப விரும்பவில்லை. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் இப்படிப்பட்ட பகுதிகளைத்தான் தேடித் தேடி வாசித்துக் காட்டினார்கள். ஆனால் அதே கடிதத்தின் ஐந்தாம் அதிகாரம் மூப்பர்களைப் பார்த்து, பணத்தாசை வேண்டாம், மந்தையின்மேல் அதிகாரம் செலுத்த வேண்டாம், முன்மாதிரியாக இருங்கள் என்கிறது. முதல் பகுதியை நூறு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டாவதை ஒரு பேரவைத் தேர்தலிலாவது வாசித்துக் கேட்டதுண்டா? கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபு கடிதம் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறது. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை என்று எழுதினார். 2025இல் பதவிக்கு வந்த 14ஆம் லியோ அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தச் சுற்றுமடலையே காரணமாகச் சொன்னார். பெயர் பலகை வரைக்கும் வந்துவிட்டது, எங்கள் பேரவைக்கு வந்தால் போதும்.

"எல்லாரும் கணக்குப் பார்த்தால் கோயில் வேலை யார் செய்வது?" நல்ல கேள்வி. நானும் மைக் செட் வேலைக்குக் காசு வாங்குவதில்லை, கேட்கவும் மாட்டேன். ஏனென்றால் எனக்குச் சாப்பாடு போட அப்பா இருக்கிறார். நான் கொடுப்பது காணிக்கை. சித்திக்கு அந்த மூவாயிரம்தான் அரிசி. அவரிடமிருந்து நாம் எடுப்பது காணிக்கை இல்லை, வரி. கொடுப்பவன் 'இல்லை' என்று சொல்ல முடிந்தால்தான் அது காணிக்கை. தியாகம் செய் என்று சொல்பவரே அந்தத் தியாகத்தின் பலனையும் எடுத்துக்கொள்கிறார் என்றால், அங்கே ஏதோ சரியில்லை என்று சந்தேகப்படுங்கள்.

"நம்ம தலைவர்கள் எவ்வளவு எளிமையானவர்கள், அவர்களைப் போய்ச் சந்தேகப்படலாமா?" படலாம், பட வேண்டும். ஜான் வனியே என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1964இல் பிரான்சில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 'லார்ஷ்' என்ற அமைப்பைத் தொடங்கியவர். பாதம் கழுவுதல் அங்கே முக்கியமான சடங்கு. உயிரோடு இருக்கும் புனிதர் என்றார்கள். அவர் 2019இல் இறந்தார். 2020இல் வெளியான விசாரணை முடிவு, ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் ஆறு பெண்களை அவர் பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டதைச் சொன்னது. 2023இல் வந்த விரிவான அறிக்கை குறைந்தது 25 பெண்கள் என்றது. எளிமையான உடையும் கையில் துண்டும் ஒருவரைக் கேள்வி கேட்க முடியாதவராக ஆக்கிவிட்டால், அந்தத் துண்டு செங்கோலைவிட ஆபத்தானது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த விசாரணைகளை ஏற்பாடு செய்து, முடிவுகளை வெளியிட்டது லார்ஷ் அமைப்புதான். மூடி மறைத்திருந்தால் நிறுவனர் பெயர் பிழைத்திருக்கும், நன்கொடையும் வந்துகொண்டிருந்திருக்கும். தன் பெயரைவிடக் காயப்பட்ட பெண்களின் வார்த்தை பெரிது என்று அந்த அமைப்பு தன்னைக் குனியவைத்துக்கொண்டது. பாதம் கழுவுவது என்றால் நான் அதைச் சொல்வேன்.

பயிலரங்கில் சொன்ன 'பணியாளர் தலைமை' என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர் ராபர்ட் கிரீன்லீஃப். ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குவேக்கர் கிறிஸ்தவர். 1970இல் எழுதிய கட்டுரையில் அவர் வைத்த சோதனை தலைவன் எவ்வளவு பணிவாகத் தெரிகிறான் என்பது இல்லை. அவனால் பணிவிடை பெறுகிறவர்கள் வளர்கிறார்களா, முன்பைவிட ஆரோக்கியமாக, சுதந்திரமாக இருக்கிறார்களா, சமூகத்தில் கடைசியில் இருப்பவனுக்கு இதனால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் பேச்சாளர் இந்தப் பகுதிக்கு மட்டும் ஸ்லைடு போடவில்லை.

எங்கள் பங்கை இந்தச் சோதனையில் வைத்துப் பார்த்தேன். ஃபாதரின் பணிவு: நூற்றுக்கு நூறு. அன்று அவர் உண்மையான பக்தியோடுதான் குனிந்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் கண்ணீர்: நூற்றுக்கு நூறு. சித்தியின் மூட்டு, சம்பளம், சுதந்திரம்: பூஜ்யம்.

சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த சடங்கு அது. 2013இல் ரோமில் ஒரு சிறார் சிறையில் பிரான்சிஸ் குனிந்து, ஒரு முஸ்லிம் பெண் உட்பட இளம் கைதிகளின் காலைக் கழுவிய படம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஆனால் யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு துண்டைக் கட்டியது அந்த இரவு ஒரு காட்சி காட்டுவதற்காக இல்லை. மறுநாள் அவர் எதைக் கொடுக்கப் போகிறாரோ, அதன் முன்பணம் அது. நாம் முன்பணத்தை மட்டும் வருடா வருடம் கட்டிவிட்டு மீதியை யாரும் கேட்கமாட்டார்கள் என்று இருக்கிறோம்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்த வாரம் சித்தியைப் பார்த்து, கூட்டக் குறிப்பில் நான் எழுதியதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கு நீ என்ன செய்வ மக்கா, ஃபாதர் நல்லவருதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணைக்கு எல்லாரும் பாக்கும்போ எனக்கு ஒரே வெக்கமாட்டு இருந்துச்சு. காலைக் கழுவுனதுக்கு இல்ல. காசு கேட்ட மறுவாரம் அங்க உக்காந்திருந்தேனே, அதுக்கு" என்றார். நாங்கள் மரியாதை என்று நினைத்துக் கொடுத்தது அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த பேரவைக் கூட்டம் வருகிற முதல் ஞாயிறு. குறிப்பேடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 'பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று என் கையெழுத்தில் இருக்கும் வரியை வாசித்துக் காட்டிவிட்டு, அந்த 'பின்னர்' இன்றுதான் என்று சொல்லப் போகிறேன். திருவிழா வாணவேடிக்கைச் செலவில் பாதியைக் குறைத்தால் போதும், கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். செயலர் பதவி போனாலும் போகட்டும். அது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, மைக் செட் சுருட்டுவதற்குப் பதவி தேவையில்லை.

பி.கு.: வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் யாராவது உங்களைத் தியாகம் செய்யச் சொன்னால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள்?" நேர்மையான பதில் வந்தால் அவர் பின்னால் போங்கள். நாமும் ஒருநாள் மேலே வருவோம். அப்போது நம்மிடம் யாராவது இதே கேள்வியைக் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்ல நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் திட்டாமல் சொல்லுங்கள், பேசுவோம். கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை அடுத்த தடவை எழுதுகிறேன்.